தாரிகா கொண்டுபோன பை

"இல்லை பத்மாவதி, நீ சொல்லுறது பொய். உன்ர ரெண்டு கண்ணாலே கண்டதெண்டு சத்தியம் பண்ணினாலும் பொய்தான். பை பாரமாய் இருந்தது, அது உண்மை. அவள் ஒரு பக்கம் சரிஞ்சு சரிஞ்சு போனதும் உண்மை. அதுக்குள்ளே என்ர வீட்டுச் சாமான் இருந்தது, அதுவும் உண்மை. ஆனா தாரிகா களவெடுத்துக்கொண்டு ஓடேல்லை. நான்தான் குடுத்து விட்டனான்."

போன கிழமை மீன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று நான் போட்ட சத்தம் இது. ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் போட்டேன்.

பத்மாவதி எதிர்வீட்டு மேல்மாடிக்காரி. விடுவாளோ? "புளோறன்ஸ் அக்கா, உங்களுக்கு வயசு போட்டுது. அவள் இரத்தினபுரியிலே கல்லுக் கடத்துறவள். த்ரீவீல்காரன் பையை வாங்கக் கை நீட்டினவன், குடுக்கேல்லை. நிலத்திலே ஒருக்கால் வைக்கக்கூட இல்லை. அப்படிப்பட்ட சாமான் என்ன? உங்கட மனுசன் வச்சிட்டுப் போன கல்லுத்தான்."

"நோனா, சூடை வேணுமா, சண்டை வேணுமா?" என்றார் மீன்கார நிஸாம். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரைக் கிலோ சூடை மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடந்ததை எழுதிவைக்க அன்றைக்கே முடிவு எடுத்தேன். எனக்கு எழுத்து வராது. பேத்தி எழுதுகிறாள். நான் சொல்லுகிறபடியே எழுத வேண்டும், அழகு பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

தாரிகா எங்கள் மேல் அறைக்கு வந்து மூன்று வருஷத்துக்கு மேல். தாய் வெள்ளவத்தையில், கடல் தெரிகிற மாடிவீட்டில் இருக்கிறா. லிப்ட், தண்ணி, காற்று எல்லாம் உண்டு. "அங்கே இருக்காமல் இந்தக் கொட்டாஞ்சேனைப் பழைய வீட்டுக்கு ஏன் பிள்ளை வாறாய்?" என்று முதல் நாளே கேட்டேன். "இங்கேயிருந்து புறக்கோட்டைக்கு நடந்துபோய் இரத்தினபுரி முதல் பஸ்ஸைப் பிடிக்கலாம் அன்ரி" என்றாள். தாய் கிழமைக்கு ரெண்டு தரம் போன் எடுத்துக் கலியாணம் கதைப்பா. இவள் போனைக் காதில் வைத்தபடியே செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கிவிடுவாள்.

அவளின் வேலையை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. மாணிக்கக்கல் தேடிக் குழி வெட்டுகிறார்கள். கல் வந்தாலும் வராவிட்டாலும் ஒருநாள் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். குழி வாயைத் திறந்தபடி கிடக்கும். மழைத்தண்ணி நிறைந்து பாசி மூடினால் புல்லுத்தரை மாதிரி இருக்கும். மாடு விழும். ஆள் விழும். நுளம்பு பெருகிக் காய்ச்சல் வரும். அப்படி விட்டுப்போன குழிகளையும், உடைத்துவிட்டுப் போன கருங்கல் குவாரிகளையும் மூடி, மரம் வைத்து, அந்த நிலத்தை ஆட்களுக்குத் திரும்பக் கொடுப்பதற்கு ஏழு ஊர் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு. அதை நடத்துகிறவள் இவள்.

ஏழு ஊரும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத ஊர்கள். ஒன்றில் தலைவர் பன்சலைப் பெரிய ஹாமுதுரு, புத்த விகாரைத் துறவி. ஒன்றில் பள்ளிவாசல் ஆட்கள். இரண்டில் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம். மற்றதுகளில் ஆளுக்கொரு கட்சி. கடிதத்தில் எந்த ஊரின் பெயர் முதலில் வருவது என்ற சண்டையிலேயே ரெண்டு கூட்டம் முடிந்து போனதாம். பிறகு இவள் ஏழு பெயரையும் வண்டிச்சில்லு மாதிரி வட்டமாய் அடித்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். முதலும் இல்லை, கடைசியும் இல்லை. ஹாமுதுரு பார்த்துவிட்டுச் சிரித்தாராம். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்தச் சில்லைக் கண்டால் தாரிகாவின் கடதாசி என்று தெரியும்.

அவள் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. சோத்துக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்கும் முன் கதவுக்கும் நடப்பாள். ஒரு வாய் சோறு, ஒரு போன். சிங்களத்தில் ஒருத்தரைச் சமாதானப்படுத்துவாள், உடனே தமிழில் இன்னொருத்தரை ஏசுவாள், பிறகு எனக்கு, "அன்ரி, பருப்பு நல்லாயிருக்கு" என்பாள். கோப்பையில் பருப்பே இருக்காது. சட்டினியைத் தின்றுவிட்டுப் பருப்பு என்று சொல்லுவாள். நித்திரையிலும் கால் ஆடும் என்று நினைக்கிறேன், மேலே கட்டில் அப்படிக் கிறீச்சிடும்.

குழித் தண்ணியைப் போத்தல்களில் பிடித்துக்கொண்டு வருவாள், சோதனைக்குக் கொடுக்க. படியில் வரிசையாய் நிற்கும். கலங்கல், மஞ்சள், ஒன்று பச்சை. அதைப் பார்த்துத்தான் பத்மாவதி முதலில் கள்ளச் சாராயம், கசிப்பு என்றாள். சப்பாத்தில் சிவப்பு மண், ஒவ்வொரு நாளும் வேறு வேறு வாகனத்தில் வந்து இறங்குகிறாள், அதைப் பார்த்துக் கல்லுக் கடத்தல் என்றாள். கசிப்புக் காய்ச்சிக்கொண்டு கல்லும் கடத்துகிறவளுக்கு மேல் அறை வாடகை கொடுத்து இருக்க என்ன விதி? அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன். இதில் பிழை என்னுடையது.

மாணிக்கக் குழி ஒருத்தர் வேலை இல்லை. காணிக்காரருக்கு ஒரு பங்கு, தண்ணி இறைக்க மெசின் கொடுத்தவருக்கு ஒரு பங்கு, இறங்கி வெட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. குழி திறந்து கிடக்கும்வரை பங்கும் உயிரோடு இருக்கிறது என்பது அந்தப் பக்கத்து ஆட்களின் எண்ணம். மூடுவதென்றால் பங்குக்காரர் எல்லாரும் வரவேண்டும். செத்தவருக்கு அவர் வீட்டு ஆள் வரவேண்டும். தன் கையால் ஒரு கூடை மண் கொட்டி, யாருடைய பங்கு என்று பெயரைச் சொல்லி, போதும் என்று வாயால் சொல்லவேண்டும். ஒரு கை குறைந்தாலும், மூடுகிறவர்களின் வீட்டுக்கு ஆகாது என்று பயம்.

அரசாங்கக் கந்தோர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தவர்களாம். மெசினைக் கொண்டுவந்து ஒரே நாளில் தள்ளி மூடிவிட்டுப் போங்கள் என்றார்களாம். தாரிகா சிரிக்கவில்லை. பன்சலையில் நடந்த முதல் கூட்டத்தில், "ஒரு கை குறைஞ்சாலும் நான் மூட விடமாட்டன்" என்று ஏழு ஊருக்கும் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லுக்காகத்தான் ஏழு ஊரும் வந்தது. பிறகு ஒவ்வொரு குழிக்கும் பங்குக்காரரைத் தேடி நீர்கொழும்பு, பேருவளை, கண்டி என்று அலைந்து, ஒருதரம் கட்டாரில் இருந்தவர் லீவில் வரும்வரை காத்திருந்து, இப்படியே நாற்பத்தொரு குழி மூடிவிட்டாள்.

நாற்பத்திரண்டாவது தெல்கஹகந்த என்ற ஊரில். லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதை அந்தக் குழிக்கரையால்தான் போகிறது. போன வருஷம் மழைக்குப் பாதை கரைந்து, ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று சறுக்கி விழுந்துவிட்டது. தமக்கைக்காரி படுத்துக் கையை விட்டு, தண்ணிக்குள் பிடிபட்ட பின்னலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாளாம். இந்த மழைக்கு முதல் மூடிவிடுவோம் என்று அந்தத் தாய்க்குத் தாரிகா சொல்லியிருந்தாள்.

எட்டுப் பங்கு. ஏழு பேரும் சரி. எட்டாவது, மெசின் கொடுத்த கொழும்பு ஆள். குழித் தலைவராய் இருந்த ஜேமிஸ் சீயா, இப்போது எண்பது தாண்டிய கிழவர், பழைய கொப்பி ஒன்றை எடுத்துப் பெயரைக் காட்டியிருக்கிறார். கொட்டாஞ்சேனை என்றும் எழுதியிருந்ததாம்.

அந்தப் பெயர் என் மனுசனின் பெயர்.

என் வாயால் நான் அவரின் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் அம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "இஞ்சேருங்கோ", "பிள்ளையளின்ர அப்பா", அவ்வளவுதான். ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் டலி மாஸ்டர். துறைமுகத்தில் கப்பல் சாமான் எண்ணுகிற டலி கிளாக்கர் வேலை. செத்தபிறகும் டலி மாஸ்டர் வீடுதான் இது. அதனால் அவரின் வீட்டு மேல் அறையில் படுத்துக்கொண்டே தாரிகா அவரைத் தேடினாள்.

தை மாதம் ஒரு காலமை குசினியில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாள். "அன்ரி, உங்கட வேதக்கோவில் ஆக்களுக்குள்ளே இப்படி ஒருத்தர் இருந்தவரோ? கல்லுக் குழியிலே பங்கு வச்சிருந்தவர்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. "இந்தக் கொட்டாஞ்சேனையிலே அந்தப் பேரிலே பத்துப் பேர் இருக்கினம்" என்றேன்.

இதைப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்லுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், அந்த மெசின் என் காப்பு. அதை வாங்க ஆறு தங்கக் காப்பையும் கழற்றிக் கொடுத்தேன். ஒரு கல்லும் வரவில்லை. கடைசியில் ஒரு சாக்கு மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார், குழியின் அடியில் கல்லு வருகிற மண். இடம் எங்கே இருக்கிறது கொட்ட? பெயின்ற் வாளி ஒன்றில் போட்டு முற்றத்தில் வைத்து, மேலே கறிக்குப் போடுகிற ரம்பை நட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அந்த மண்ணை விரலால் கிளறுவார். ஆஸ்பத்திரியில் கடைசியாய் அவர் சொன்னது, "குழியை விட்டிடாதை, புளோறா." இருபத்திரண்டு வருஷம் செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடைக் கோவிலில் அந்தக் குழிக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன். எனக்கு அந்தக் குழி மூடக்கூடாது.

தை, மாசி, பங்குனி. தாரிகா தேடினாள். கிராண்ட்பாஸ், கொச்சிக்கடை, துறைமுகத்துப் பென்சன்காரர் வீடுகள், சேமக்காலைக் கல்லறைகள். அதே பெயரில் நாலு பேரைக் கண்டுபிடித்தாள். ஒருத்தர் பேக்கரிக்காரர், ஒருத்தருக்குக் காது கேட்காது, ரெண்டு பேர் செத்துவிட்டார்கள், யாரும் அவர் இல்லை. கால் வீங்கி வருவாள். நான் உப்புப் போட்டுச் சுடுதண்ணி வைத்துக் கொடுப்பேன். காலைத் தண்ணிக்குள் வைத்துக்கொண்டும் போனில் நம்பர் அழுத்திக்கொண்டிருப்பாள். "பாவம் பிள்ளை, விடேன்" என்று நானே சொன்னேன். என்ர வாய்.

சித்திரையில் என் மனுசனின் ஆண்டுப் பூசை. எனக்கு முழங்கால் ஏலாது. தாரிகா சைவப் பிள்ளை, ஆனாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தாள். பாதர் பெயர் வாசித்தார்.

என் முழங்கையைப் பிடித்திருந்த அவளின் கை மரம் மாதிரிப் போனது. எடுக்கவில்லை. வீடு வரும்வரை அந்தக் கையால்தான் என்னைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் வைத்துக் கேட்டாள். "எப்ப தெரியும் அன்ரி?"

"நீ கேட்ட அண்டைக்கே."

"நாலு மாசம்."

"ஓம்."

"ஒரு கூடை மண் போடுவீங்களோ?"

"மாட்டன்."

"அந்தப் பிள்ளையின்ர கதை சொன்னனான்."

"சொன்னாய். நான் அழுததும் கண்டனி. மாட்டன்."

அவள் மேலே போனாள். அன்று முழுப் பகலும் தலைக்கு மேலே நடை. சுவரிலிருந்து சுவருக்கு. நான் கீழே இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன், பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். படியில் நின்று மற்றவர்களோடு கதைப்பது மட்டும் கேட்கும். ஜேசிபி மெசின் வைத்திருக்கிற மஜீட் ஹாஜியார் கூட்டமைப்பில் பெரிய ஆள். அவர் போனில் கத்துவது எனக்கே கேட்டது. "தங்கச்சி, மழைக்கு மூணு கிழமைதான் இருக்கி. ஒரு கைக்காக எத்தினை பிள்ளைகள்ற உயிரை வச்சிப் பாக்கிற? நாளைக்கே மெசினை அனுப்புறேன், மூடிட்டு வாறோம்."

"ஏலாது ஹாஜியார். இதை மூடினா மற்ற ஊர் ஒண்டும் எங்களை நம்பாது. இன்னும் அறுபது குழி கிடக்கு."

"அப்ப அந்தப் பங்குக்காரன் யாருண்டு சொல்லுங்க. நான் வந்து கதைக்கிறேன்."

"கிடைக்கேல்லை ஹாஜியார்."

எனக்காகப் பொய் சொன்னாள். ஏழு ஊருக்கும் பொய் சொன்னாள். பத்மாவதி, உன்னைப் பற்றி உன் சொந்த மருமகளும் அப்படி மறைத்துப் பேசமாட்டாள். என் மருமகளும் மாட்டாள்.

மே மாதம் முதல் மழை ஒரு சனிக்கிழமை அடித்தது. பிறகு மூன்று நாள் வெயில். புதன்கிழமை காலமை ஏழு மணி இருக்கும், உடுப்புப் பையை முதுகில் போட்டுக்கொண்டு தாரிகா கீழே இறங்கினாள். அறைப் பூட்டுத் திறப்பை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான் கதவடியில் கதிரை போட்டு இருந்தேன். வேண்டுமென்றேதான்.

"எங்கே பிள்ளை?"

"தெல்கஹகந்தைக்கு."

"எப்ப வருவாய்?"

"மழை விட்டாப் பிறகு. அறையைச் சும்மா பூட்டி வைக்காதேங்கோ. ஆரும் கேட்டால் குடுங்கோ."

"அங்கே போய் என்ன செய்யப் போறாய்?"

"காலமை பள்ளிக்கூடம் போகேக்கையும், மத்தியானம் திரும்பி வரேக்கையும் அந்தக் குழிக்கரையிலே நிக்கப் போறன்."

"முழு மழைக்குமோ?"

"ஓம்."

"விசரோ உனக்கு? நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப ஒண்டு விழுந்தால் என்ன செய்வாய்?"

"பின்னலைப் பிடிப்பன்" என்றாள்.

அவள் நக்கலாய்ச் சொல்லவில்லை. யோசித்து, அது ஒன்றுதான் தன்னால் ஏலும் என்று கண்டு சொன்னாள். கதிரையைச் சுற்றிக்கொண்டு போக வழி பார்த்தாள். நான் காலை மடக்கவில்லை.

"நில்" என்றேன். "அந்த ரம்பை வாளியைக் கொண்டு வா."

"ஏன் அன்ரி?"

"கொண்டு வா எண்டால் கொண்டு வா. ஏன் எண்டு கேட்டால் நான் மாறிப்போவன். ஜேமிஸ் சீயாவுக்குப் போன் அடி. முகம் தெரியிறமாதிரி அடி."

கிழவர் எங்கேயோ தேத்தண்ணிக் கடையில் இருந்தார். போனுக்குள் அரைவாசி முகமும் ஒரு காதும் தெரிந்தது. தாரிகா சிங்களத்தில் விளக்கினாள். முதலில் அவர் மறுத்துவிட்டார். குழி வாயில் வந்து கொட்டவேண்டும் என்றார். நான் போனைப் பறித்து என் முழங்காலைக் காட்டினேன். கிழவர் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு சொன்னார், அந்தக் காலத்திலும் நடக்கமுடியாத மனுசிகள் இருந்தார்கள். தன் கையால் மண்ணை அள்ளிப் போட்டு, தன் கையால் முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். கொண்டுவருகிறவர் வழியில் எங்கேயும் நிலத்தில் வைக்கக்கூடாது, வேறொருவர் கையில் கொடுக்கவும் கூடாது. வைத்தால் பங்கு அந்த இடத்தில் தங்கிவிடும்.

ரம்பையைப் பிடுங்கினேன். வேர் வாளி முழுக்கப் பின்னிக் கிடந்தது, இழுக்க வரவில்லை, கத்தியால் வெட்டினேன். சந்தைப் பை ஒன்றைத் தாரிகா விரித்துப் பிடித்தாள். அவர் கிளறிக் கிளறி வைத்த மண். நான் கை கையாய் அள்ளிப் போட்டேன். போனைப் படியில் சாய்த்து வைத்திருந்தோம், கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காகே பங்குவத, நோனா?" என்றார். யாருடைய பங்கு.

தாரிகா வாயைத் திறந்தாள், எனக்காகச் சொல்ல. நான் கையைக் காட்டி நிற்பாட்டினேன்.

அம்பது வருஷம் சொல்லாத பெயர். நாக்கில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒருதரம் இருமினேன்.

"நோபேட்" என்றேன். "நோபேட்டின்ர பங்கு. போதும்."

"எத்தி நோனா, எத்தி" என்றார் கிழவர். போதும் என்றுதான் அவரும் சொன்னார். கண்ணைத் துடைத்தாரோ, போன்தான் ஆடினதோ, தெரியாது.

பையின் வாயை நானே கட்டினேன், மூன்று முடிச்சு. தாரிகா அதைத் தோளில் மாட்டினாள். முதுகில் உடுப்புப் பை, தோளில் மண், ஒரு கையால் வாரைப் பிடித்து மற்றக் கையால் அடியைத் தாங்கிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கும்போதும் கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். கொண்டைக்குள் வேர்வை. "இறக்கி வைக்காதை" என்றேன். "பஸ்ஸிலே மடியிலே வை. ஆரும் இடம் தந்தால் இரு. நிண்டுகொண்டு போகாதை, இரு."

"சரி அன்ரி."

"இருக்கமாட்டாய் எண்டு தெரியும்."

கதிரையை நானே இழுத்து வழி விட்டேன். அவள் படி தாண்டினாள். த்ரீவீல்காரன் ஓடிவந்து பைக்குக் கை நீட்டினான். அவள் தலையை ஆட்டிவிட்டு ஏறினாள். பத்மாவதி, நீ மேலே உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் நின்று பார்த்தாய். நானும் உன்னைக் கண்டனான். அந்தப் பைக்குள் இருந்தது ஒரு வாளி மண். அதற்குள் கல்லு இருந்ததோ என்று கேட்டால், இருந்தாலும் இருக்கும். நான் தேடிப் பார்க்கவில்லை.